கில்கென்னிக்கு ஒரு நாள்: கோட்டையைக் கடைசிக்கு வையுங்கள்

கேள்வி: அயர்லாந்தில், டப்ளினில் குடியிருக்கிறோம். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். அவர்களை ஒரு நாள் ரயிலில் கில்கென்னிக்குக் கூட்டிப்போக ஆசை. மாமனாருக்கு 71 வயது, முட்டி வலி இருப்பதால் படி ஏறுவது சிரமம். மகனுக்கு 13 வயது. "கோட்டையைப் பார்த்தால் போதும், இரண்டு மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். அப்படித்தானா? எதை எந்த வரிசையில் பார்ப்பது?

பதில்: இரண்டு மணி நேரத்தில் கோட்டை வேண்டுமானால் முடியும், ஊர் முடியாது. கில்கென்னியில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஒரே நீள வாக்கில் அமைந்திருக்கின்றன. ஒரு முனையில் செயின்ட் கேனிஸ் கதீட்ரல், மறுமுனையில் கோட்டை, இடையில் பழைய கடைத்தெரு. மொத்தமும் நடந்து போகும் தூரம்தான். பலர் ரயிலை விட்டு இறங்கி, நோர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் கண்ணில் படும் கோட்டைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். வெளியே வரும்போது கால் ஓய்ந்துவிடுகிறது, கதீட்ரல் விட்டுப்போகிறது. அதனால் நீங்கள் எதிர்முனையிலிருந்து தொடங்குங்கள். அப்படி நடந்தால் ஊரின் கதையும் காலவரிசையில் வரும்.

டப்ளின் ஹ்யூஸ்டன் நிலையத்திலிருந்து கில்கென்னிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்தால் மலிவு. சனிக்கிழமையைத் தவிருங்கள். கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக்காக வரும் இளைஞர் கூட்டத்தால் வார இறுதியில் தெருக்கள் நிரம்பிவிடும், பெரியவர்களோடு நிதானமாக நடக்க முடியாது. நிலையத்திலிருந்து டாக்சி பிடித்து நேராகக் கதீட்ரல் வாசலுக்குப் போங்கள். கீழேயிருக்கும் ஐரிஷ்டவுன் தெருவிலிருந்து 17-ஆம் நூற்றாண்டுக் கல்படிகள் வழியாகவும் ஏறலாம். ஆனால் மாமனாருக்கு அது வேண்டாம். கோச் ரோடு பக்கமாக வண்டி மேலேயே போகும்.

கதீட்ரலை ஒட்டி நிற்கும் வட்டக் கோபுரம்தான் இந்த ஊரில் நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களில் மூத்தது. 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உயரம் சுமார் 30 மீட்டர். ஆழமான அடித்தளம் இல்லாமல் பழைய இடுகாட்டின் மேலேயே எழுப்பியதால் சற்றே சாய்ந்திருக்கிறது. அயர்லாந்தின் வட்டக் கோபுரங்களில் மேலே ஏற அனுமதி உள்ளவை மிகச் சில, இது அதில் ஒன்று. உச்சியில் இருந்த கூம்புக் கூரை போய்விட்டதால் திறந்த வெளியில் நின்று ஊர் முழுவதையும் பார்க்கலாம். உள்ளே இருப்பவை ஏணி மாதிரிச் செங்குத்தான மரப்படிகள், இடமும் குறுகல். மகனை அனுப்புங்கள், பெரியவர்கள் முயற்சி செய்ய வேண்டாம். மழையோ காற்றோ பலமாக இருந்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள்.

கதீட்ரல் 13-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே அவசரப்படாதீர்கள். நடுக் கோபுரம் இவ்வளவு பெரிய கட்டடத்துக்குக் குட்டையாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, உங்கள் மகனுக்குக் கட்டாயம் பிடிக்கும். 1324-இல் ஆயர் (பிஷப்) ரிச்சர்ட் லெட்ரெட், ஆலிஸ் கைட்லர் என்ற பணக்காரப் பெண்மீது சூனியக் குற்றம் சாட்டினார். இந்த ஆலிஸ் நான்கு முறை மணமானவர், வட்டிக்குப் பணம் கொடுத்தவர். ஆலிஸ் தப்பிப் போய்விட்டார். அகப்பட்டுக்கொண்டவர் அவருடைய பணிப்பெண் பெட்ரோனிலா. சாட்டையால் அடித்து, பிறகு உயிரோடு எரித்தார்கள். ஆலிஸின் மகன் வில்லியமுக்குக் கிடைத்த தண்டனைகளில் ஒன்று, கதீட்ரல் கூரைக்குத் தன் செலவில் ஈயத் தகடு வேய்வது. 1332-இல் நடுக் கோபுரம் இடிந்து விழுந்தது. ஈயத்தின் பாரம் தாங்காமல்தான் விழுந்தது என்று சொல்வார்கள். அந்த ஆயரின் கல்லறையும் இதே கதீட்ரலில்தான் இருக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது பெட்ரோனிலாவின் பெயரையும் மகனுக்குச் சொல்லுங்கள். அவளுக்குக் கல்லறை இல்லை.

அப்புறம், 8-ஆம் ஆர்மண்ட் பிரபு பியர்ஸ் பட்லரும் மனைவி மார்கரெட்டும் அருகருகே படுத்திருக்கும் கறுப்புக் கல் சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அவருடைய கவசம், அவருடைய மனைவியின் உடை மடிப்பு எல்லாம் கறுப்பாக மினுங்கும். ஊருக்குப் பக்கத்திலேயே வெட்டி எடுத்த இந்தக் கல்லைக் கில்கென்னிப் பளிங்கு என்பார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக்கல். மெருகேற்றாவிட்டால் சாம்பல் நிறம், மெருகேற்றினால் கறுப்பு. உற்றுப் பார்த்தால் கறுப்புக்குள் வெள்ளை வெள்ளையாகச் சுருளும் பிறையும் தெரியும். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இங்கே இருந்த கடலின் உயிரினங்கள் அவை. இதை ஒருமுறை அடையாளம் கண்டுகொண்டால் போதும், அன்று முழுக்க வாசற்படி, தூண், கணப்படுப்பு என்று எங்கே பார்த்தாலும் உங்கள் மகனே கண்டுபிடித்துச் சொல்வான்.

கீழே இறங்கி பிரெகா ஓடையைத் தாண்டும்போது ஓர் எல்லையைக் கடக்கிறீர்கள். கதீட்ரலைச் சுற்றிய ஐரிஷ்டவுன் ஆயரின் ஊர், கோட்டைப் பக்கத்து ஹைடவுன் நார்மன் பிரபுவின் ஊர். பல நூற்றாண்டுகள் இரண்டும் தனித்தனி நிர்வாகம். ஓடைக்கு அந்தப் பக்கம் மதில் வாசல்களில் இன்று மிஞ்சியிருப்பது பிளாக் ஃப்ரெரன் கேட் மட்டும். அதை ஒட்டித்தான் பிளாக் அபி. 1225-இல் தொடங்கிய டொமினிக்கன் துறவிகளின் ஆலயம், இன்றும் வழிபாடு நடக்கிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. 1892-இல் பதித்த பிரம்மாண்டமான ஜெபமாலைச் சன்னல்தான் இங்கே முக்கியம். வெயில் அடித்தால் வண்ணக் கண்ணாடியின் நிறம் தரையெல்லாம் விழும். மாமனாரும் மாமியாரும் அரை மணி உட்கார்ந்து இளைப்பாற இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை.

பார்லிமென்ட் தெருவில் ரோத் ஹவுஸை விடாதீர்கள். ஜான் ரோத் என்ற வணிகர் 1594 முதல் 1610 வரை, குடும்பம் பெருகப் பெருக ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிய மூன்று கட்டு வீடு. கட்டுக்கு ஒரு முற்றம், கடைசியில் தோட்டம். அந்தக் காலச் செடிகொடிகளோடு தோட்டத்தையும் மீட்டிருக்கிறார்கள். உள்ளே படிகள் உண்டு. மாமனார் முற்றத்தையும் தோட்டத்தையும் பார்த்தாலே வீட்டின் அமைப்பு புரிந்துவிடும். என்னைக் கேட்டால், நேரம் போதாமல் ஒன்றை விட வேண்டிவந்தால் கோட்டையின் படுக்கையறைகளை விடலாம், இதை விடக் கூடாது.

ஹை ஸ்ட்ரீட்டில் வளைவுகளோடு நடைபாதையை மூடி நிற்கும் தோல்செல், 1761-இல் கட்டிய நகர மன்றம். அதற்குப் பக்கத்திலேயே செயின்ட் மேரி ஆலயத்தில் இயங்கும் மீடீவல் மைல் மியூசியம். 1231-இல் எழுதத் தொடங்கிய நகரப் பதிவேடும் ரோத் குடும்பத்தின் நினைவுக் கற்களும் இங்கே இருக்கின்றன. சாப்பாட்டை இந்தத் தெருவிலேயே முடித்துக்கொள்ளுங்கள், சைவம் தாராளமாகக் கிடைக்கும்.

கடைசியாகக் கோட்டை. நார்மன் பிரபு வில்லியம் மார்ஷல் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. நான்கு மூலைக்கு நான்கு கோபுரம் இருந்ததில் இப்போது மூன்றுதான். பூங்காவைப் பார்த்த பக்கத்தில் சுவரே இல்லாமல் திறந்து கிடக்கும். அது அழகுக்காகச் செய்ததல்ல, 1650-இல் இங்கிலாந்துத் தளபதி குரோம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது ஏற்பட்ட சேதம். கோட்டையை 1391-இல் விலைக்கு வாங்கிய பட்லர் குடும்பம் (கதீட்ரலில் சிற்பமாகப் பார்த்த பியர்ஸின் குடும்பம்தான்) 1935-இல் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டு வெளியேறியது. 1967-இல் கோட்டையை ஊருக்காக வெறும் 50 பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்று நீங்கள் பார்க்கும் அறைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு அலங்காரம். அவற்றில் ஓவியக் கூடத்துக்கு மட்டும் நிறைய நேரம் கொடுங்கள், அண்ணாந்து கூரையைப் பாருங்கள். உத்தரங்களில் பறவையும் விலங்கும் கொடியுமாக ஜான் ஹங்கர்ஃபோர்ட் போலன் வரைந்த வண்ண வேலை. படிகளைத் தவிர்க்க என்ன வழி என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள். மாமனாருக்கு முடியவில்லை என்றால் பூங்கா இருக்கிறது, கட்டணம் இல்லை. கோடையில் கோட்டை டிக்கெட்டை முன்பதிவு செய்துகொண்டு, பிற்பகல் நேரமாக எடுங்கள்.

டன்மோர் குகையையும் இதே நாளில் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். ஊருக்கு வெளியே இருக்கிறது, உள்ளே இறங்கி ஏற நூற்றுக்கணக்கான படிகள். என்றைக்காவது கார் கிடைத்தால் தாமஸ்டவுன் பக்கத்தில் உள்ள ஜெர்பாயிண்ட் அபிக்குப் போங்கள். 12-ஆம் நூற்றாண்டு மடாலயம், தூண்களில் செதுக்கிய உருவங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும், ஏற வேண்டியதில்லை.