ஒலிப்பெட்டி கேள்வி-பதில்: வேனுக்காகச் செய்த பெட்டி மேசைக்கு ஒத்துவருமா?

கேள்வி: என் மேசை 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. ஆழம். பின்னால் சுவர், நடுவில் 27 அங்குல மானிட்டர். கேட்பது பெரும்பாலும் கர்நாடக வாய்ப்பாட்டு, கொஞ்சம் எண்பதுகளின் திரைப்பாட்டு. குரலுக்குப் பிரிட்டிஷ் ஸ்பீக்கர்தான் என்கிறார்கள். பழைய பிபிசி பாணிப் பெட்டி வாங்கலாமா, கேஇஎஃப் கம்பெனியின் எல்எஸ்50 வாங்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: டேப் வைத்து அளந்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது. பலர் பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் மேசையை அளக்கிறார்கள்.

பிபிசி பாணி என்று எல்லோரும் சொல்வது எல்எஸ்3/5ஏ என்ற பெட்டியை. 1970களில் பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவு செய்தது. ஸ்டுடியோக்களை எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டி ஒலியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், அந்த வேலைக்குச் செய்த சின்ன ஸ்பீக்கர் எதிர்பாராமல் நன்றாக அமைந்துவிட்டது, அதிலிருந்து வளர்ந்ததுதான் இது. யாருக்காக? வெளியிடங்களில் ஒலிபரப்பு வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்காக. இடம் கிடையாது, ஸ்பீக்கர் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும், அறிவிப்பாளரின் குரல் சரியாக வருகிறதா என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும். கிட்டத்தட்ட நீங்கள் உட்கார்ந்திருக்கும் நிலைமைதான்.

பெட்டி 30 செ.மீ. உயரம், 19 அகலம், ஆழம் 16தான். உங்கள் மானிட்டர் சுமார் 61 செ.மீ. அகலம் இருக்கும், இரண்டு பக்கமும் 19, 19 சேர்த்தால் 99. மேசையில் டீ டம்ளருக்கும் இடம் மிஞ்சுகிறது. எல்எஸ்50-உம் உயர அகலத்தில் ஏறக்குறைய இதே அளவுதான், ஆனால் ஆழம் 28 செ.மீ. கிட்ட வரும், அதோடு பின்பக்கம் காற்றுத் துளை இருக்கிறது, சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். 60 செ.மீ. மேசையில் பெட்டிக்கு 28, பின்னால் இடைவெளி 15 என்று கொடுத்துவிட்டால் அப்புறம் கீபோர்டை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். துளையை அடைக்க நுரைப்பஞ்சு பெட்டியோடு வருகிறது, அடைத்தால் பேஸ் (அடியொலி) அடங்கும் என்பதும் உண்மை. ஆனால் அடைத்துக் கேட்பதற்காகத் துளை உள்ளதை ஏன் வாங்க வேண்டும்?

எல்எஸ்50-க்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். ட்வீட்டர் (மேலொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) உஃபரின் (கீழொலி தரும் பெரிய கூம்பு) நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் எவ்வளவு கிட்டே இருந்து கேட்டாலும் ஒலி ஒரே புள்ளியிலிருந்து வருவதுபோல் இருக்கும். மேசை பெரிதாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைச் சொல்லியிருப்பேன்.

உங்கள் மேசைக்கு நான் சொல்வது துளையில்லாத மூடிய பெட்டி: ஹார்பெத் பி3இஎஸ்ஆர், அல்லது இப்போதும் புதிதாகச் செய்து விற்கும் எல்எஸ்3/5ஏ வகைகளில் ஒன்று. ஹார்பெத்தை 1977-இல் தொடங்கிய ஹார்வுட் பிபிசியில் ஸ்பீக்கர் ஆராய்ச்சி செய்தவர்தான், அதனால் பாரம்பரியம் ஒன்றே. விலை லட்சங்களில் இருக்கும். கை கடித்தால் வார்ஃப்டேல் டயமண்ட் வரிசையில் இருப்பதிலேயே சின்னதைப் பாருங்கள், தயங்க ஒன்றுமில்லை. தனி ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) வேண்டாம், ஒயர் குறைந்தால் போதும் என்றால் கேஇஎஃப் எல்எஸ்எக்ஸ். ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, உயரம் 24 செ.மீ.தான், அதன் மொபைல் ஆப்பில் மேசைக்கும் சுவருக்கும் தனித்தனித் திருத்தம் உண்டு.

எதை வாங்கினாலும் அப்படியே மேசைப் பலகைமேல் வைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கரின் நடுப்பகுதி பலகையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும் உங்கள் காது 45 செ.மீ. உயரத்திலும் இருக்கிறது, இடையே 80 செ.மீ. தூரம் என்று வையுங்கள். நேராக வரும் ஒலியைவிடப் பலகையில் பட்டுத் திரும்பி வரும் ஒலி சுமார் 19 செ.மீ. அதிகம் பயணம் செய்கிறது. அதன் விளைவாக 900 ஹெர்ட்ஸ் அருகே இரண்டும் ஒன்றையொன்று அமுக்கும். அது பாடகரின் குரல் இருக்கும் இடம்! லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் குரல் ஏதோ டப்பாவுக்குள்ளிருந்து வருகிறதே என்று நானே ஒரு மாதம் ஆம்பைத் திட்டிக்கொண்டிருந்தேன், குற்றவாளி மேசை. சின்ன ஸ்டாண்டு வைத்து ட்வீட்டரைக் காது உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் முன்பக்கம் ஆப்பு வைத்து மேல்நோக்கிச் சாயுங்கள். கோளாறு முழுதாகப் போகாது, ஆனால் நன்றாகத் தணியும். அடியில் கொஞ்சம் ரப்பர் வைத்தால் பலகை சேர்ந்து அதிராது.

கேள்வி: எல்எஸ்3/5ஏ 15 ஓம் என்று போட்டிருக்கிறது. என் ஆம்ப் 8 ஓமுக்கு 50 வாட். எரிந்துவிடுமா? – வாசகி, மதுரை

பதில்: எரியாது, ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை, அது கூடினால் ஆம்புக்குச் சுமை குறைகிறது. வாட் மட்டும் கணக்குப்படி 27 அளவுக்கு இறங்கும். இந்தப் பெட்டி சத்தத்தில் சோம்பேறி (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 83 டெசிபல் பக்கம்), கூடத்தில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்ட லாயக்கில்லை. முக்கால் மீட்டர் தூரத்தில் ஒருவர் கேட்க 27 வாட் தாராளம். பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார், மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பழைய எல்எஸ்3/5ஏ ஜோடி ஒன்று விலைக்கு வருகிறது. ஒன்றில் 15 ஓம், மற்றதில் 11 ஓம் என்று எழுதியிருக்கிறது. விற்பவர் "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார். – வாசகர், சென்னை

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லை. 1980களின் பிற்பகுதியில் உஃபரையும் உள்ளே ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரையும் மாற்றிச் செய்ததுதான் 11 ஓம் பெட்டி. இவற்றைப் பொருத்தம் பார்த்து ஜோடியாகத்தான் விற்றார்கள், அது ஒன்று இது ஒன்று என்று சேர்த்தால் பாடகர் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே இருப்பார். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் என்று பல கம்பெனிகள் பிபிசி உரிமத்தில் இதைச் செய்தன. எந்தப் பெயர் என்பது எனக்கு முக்கியமில்லை, இரண்டிலும் ஒரே பெயர், ஒரே ஓம், அடுத்தடுத்த வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். முன்துணியைக் கழற்றி ட்வீட்டரைச் சுற்றிக் கம்பளித் துண்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அது அழுக்குத் துணி என்று பிய்த்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். துணிச் சட்டத்தின் விளிம்பில் ஒலி பட்டுச் சிதறாமல் இருக்கத்தான் அது. கேட்கும்போது முன்துணியைத் திரும்ப மாட்டிவிடுங்கள், மாட்டிய நிலையில் கேட்பதற்கென்றே அமைத்த பெட்டி.

கேள்வி: இவ்வளவு சின்னப் பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி கேட்குமா? சப்வுஃபர் சேர்க்கலாமா? – வாசகர், ஈரோடு

பதில்: கேட்கும், வயிற்றில் இடிக்காது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இவை வேகமாகச் சரிந்துவிடும், சுவர் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் ஈடு கிடைக்கிறது. சப்வுஃபர், அதாவது அடியொலிக்கென்று தனிப் பெட்டி, பிறகு பார்க்கலாம், முதலில் மூன்று மாதம் இதையே கேளுங்கள்.