பக்கத்துத் தெருவில் இல்லாத காய்ச்சல் எங்கள் தெருவில் மட்டும் ஏன்?

இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. நோயின் பெயர் மாறினாலும், முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: நோய் ஏன் இந்த இடத்தில் வந்தது, ஏன் அந்த இடத்தில் வரவில்லை?

எங்கள் தெருவில் அஞ்சு வீட்டில் டெங்கு. இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் லாத்தா (அக்கா) வீட்டுப் பக்கம் ஒருவருக்கும் இல்லை. இரண்டு தெருவுக்கும் ஒரே சாக்கடைதானே? (வாசகி, கீழக்கரை)

சாக்கடையை முதலில் மறந்துவிடுங்கள் அம்மா. சாக்கடையில் வளர்வது க்யூலெக்ஸ். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நாம் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். வீட்டுக்குள் கட்டிலடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் தங்கும். பகலில் கடிக்கும். முக்கியமாக, அது தூரம் பறக்காது. பிறந்த இடத்திலிருந்து நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் வாழ்வு முடிந்துவிடும். உங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தொட்டியில் அது பெருகினால், சுற்றியுள்ள ஏழெட்டு வீடுகள்தான் அதன் எல்லை. லாத்தா வீடு அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அப்படியானால் டெங்கு ஊர் முழுக்க எப்படிப் பரவுகிறது? கிருமியைச் சுமந்துகொண்டு போவது நாம்தான். பெரு நாட்டின் இக்கிடோஸ் நகரத்தில் டெங்கு வந்தவர்கள் எந்தெந்த வீடுகளுக்குப் போய்வந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டுக் குறித்தார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், பக்கத்து வீடு என்பதைவிட, போய்வந்து புழங்கும் வீடு என்பதே தொற்றை அதிகம் தீர்மானித்தது. கீழக்கரையில் பெண்கள் பகலில் தாய்வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் எத்தனை முறை போய்வருகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இரத்தத்தில் கிருமி வந்துவிடும். அந்த நாட்களில் லாத்தா வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது அங்குள்ள கொசு கடித்தால் போதும், பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தக் கொசுவும் நோய் பரப்பத் தயாராகிவிடும். ஆகவே அங்கே இப்போது இல்லை என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அவர்களையும் இன்றே தொட்டியைத் தேய்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வியட்நாமில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3,000 முதல் 7,000 பேர் வரை வாழ்கிற, குழாய்த் தண்ணீர் சரியாக வராத பகுதிகளில்தான் டெங்கு ஆபத்து அதிகமாக இருந்தது. அதைவிட நெரிசலான நகர மையங்களில் குழாய் ஒழுங்காக வந்ததால் மக்கள் தண்ணீரைச் சேமிக்கவில்லை. நம் மாவட்டத்தில் காவிரித் தண்ணீர் வரும் நாளை எதிர்பார்த்துக் குடம், டிரம், சிமெண்டுத் தொட்டி என்று எல்லாவற்றிலும் நிரப்பி வைக்கிறோம். வராவிட்டால் வண்டித் தண்ணீரை விலைக்கு வாங்கி அதையும் நிரப்புகிறோம். அதனால்தான் இங்கே மழை இல்லாத மாதத்திலும் டெங்கு வருகிறது. தண்ணீர் தராமல், தண்ணீரைச் சேர்த்து வைக்காதே என்று மக்களிடம் சொல்வது நியாயமே இல்லை. சேர்த்து வையுங்கள், ஆனால் துணியால் வாயை இறுகக் கட்டுங்கள். வாரம் ஒரு நாள் காலிசெய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேயுங்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

புகை அடித்தால் போதாதா? (தொண்டி)

போதாது. பறக்கும் கொசுவை அது கொல்லும், அதுவும் புகை பட்டால். கட்டிலடிக் கொசுவும் தொட்டிப் புழுவும் அப்படியே இருக்கும். நோய் கண்ட வீட்டைச் சுற்றி உடனே அடித்தால் ஓரளவு பயன் உண்டு. ஊர் முழுக்க வீதியில் அடிப்பது மனத் திருப்திக்குத்தான்.

எங்கள் தீவில் மலேரியா ஏன் அவ்வளவு காலம் விடாமல் இருந்தது? கிணறுகள்தான் காரணம் என்கிறார்கள். (இராமேஸ்வரம்)

கிணறும் ஒரு காரணம். நகர மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபென்சி என்ற கொசு கிணற்றிலும் மூடாத மாடித் தொட்டியிலும் வளரும். ஆனால் உங்கள் தீவுக்கென்று தனிக் கதை உண்டு. சவுக்குத் தோப்புகளில் கன்றுகளுக்கு ஊற்ற மணலில் குழி தோண்டுவார்கள், நன்னீர் ஊறி நிற்கும். சுற்றிலும் உப்புக் கடல் இருக்க, அந்தத் தெளிந்த தண்ணீரில் கிராமத்து மலேரியாக் கொசுவான அனாபிலிஸ் க்யூலிசிஃபேசிஸ் பெருகியது. அதனால் தோப்பை ஒட்டிய குடிசைகளிலும் மலேரியா வந்தது. நகரத்துக்குச் செய்கிற கிணற்று வேலை தோப்புக்கு உதவாது. தோப்புக் குழியில் மீன் விடலாம், பயன்படாத குழியை மூடிவிடலாம். நோய் ஒன்றுதான், தீவும் சிறியதுதான். ஆனாலும் இடத்துக்கு இடம் வேலை மாறும்.

எங்கள் பகுதியில் ஒரே மாதத்தில் பத்துப் பேருக்கு மஞ்சள் காமாலை. ஹோட்டல் சாப்பாடா, குழாய்த் தண்ணீரா, எப்படிக் கண்டுபிடிப்பது? (இராமநாதபுரம்)

பத்துப் பேரின் வீடுகளையும் ஒரு தாளில் குறியுங்கள். பிறகு அதே தாளில் குடிநீர்க் குழாய் போகும் பாதையை வரையுங்கள். புள்ளிகள் ஒரு கிளைக் குழாயின் மேல், அதிலும் அதன் கடைசி முனைப் பக்கம் வரிசையாக விழுந்தால் சந்தேகம் குழாய் மேல். ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்து, எல்லோரும் ஒரே விருந்தில் சாப்பிட்டிருந்தால் சாப்பாட்டின் மேல். மஞ்சள் காமாலை உடலில் ஊறி வெளிப்பட இரண்டு வாரம் முதல் ஆறேழு வாரம் வரை ஆகும் என்பதால், போன வாரம் சாப்பிட்டதைக் கேட்டுப் பயனில்லை. போன மாதத்தைக் கேளுங்கள்.

1854-இல் இலண்டனில் ஜான் ஸ்னோ காலராவுக்குச் செய்தது இதைத்தான். பிராட் தெருவின் கைப்பம்பைச் சுற்றிச் சாவுகள் குவிந்திருந்தன. ஆனால் அவர் குவியலோடு நிற்கவில்லை. பம்புக்குப் பக்கத்திலேயே இருந்தும் நோய் வராதவர்களைத் தேடினார். அங்கிருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஏழைகள் விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. நோய் வராத வீடும் சாட்சிதான். உங்கள் தாளிலும் அவற்றைக் குறிக்க வேண்டும்.

நம் ஊரில் குழாய்க்கு இன்னொரு கேடு உண்டு. தண்ணீர் வராத நேரத்தில் குழாய் வெறுமையாகி, விரிசல் வழியே வெளி அழுக்கை உள்ளே உறிஞ்சும். அதனால் தண்ணீர் விட்டவுடன் முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். குழாய் முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளரிடம் சோதிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதோடு கொதிக்கவும் வையுங்கள். 1955-56-இல் டில்லியில் குடிநீரில் கழிவு கலந்து 29,000 பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்தது. அங்கே குளோரினைக் கூட்டியிருந்தார்கள், டைபாய்டு பெருகவில்லை. ஆனாலும் காமாலை வைரஸ் தப்பி வந்துவிட்டது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த விஷயத்தில் கொஞ்சமும் அசட்டை வேண்டாம். தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ்-ஈ (E) வகைக் காமாலை அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கடற்கரைக் குப்பத்திலிருந்துதான் ஊருக்கு நோய் வருகிறது என்று எங்கள் பகுதியில் பேசுகிறார்கள். உண்மையா? (மண்டபம்)

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி. இந்தப் பேச்சு நிறையப் பேரைக் காயப்படுத்துகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குப்பத்தில் 300 குழந்தைகளில் 30 பேருக்குக் காய்ச்சல், ஊருக்குள் ஒரு தெருவில் 40 குழந்தைகளில் 10 பேருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் குப்பம்தான் சிவப்பாகத் தெரியும். ஆனால் தெருவில் நாலில் ஒரு குழந்தைக்கு, குப்பத்தில் பத்தில் ஒன்றுக்குத்தான். எத்தனை பேரில் எத்தனை என்று கேட்காத வரைபடம் பொய் சொல்லும். அப்புறம், குப்பத்து மக்கள் அரசு மருத்துவமனைக்குப் போகிறார்கள், பட்டியலில் ஏறுகிறார்கள். மதுரைக்குக் கார் எடுத்துக்கொண்டு போய்த் தனியாரிடம் பார்க்கிற குடும்பம் நம் பட்டியலில் ஏறாமலே போகலாம்.

குப்பத்தில் நிஜமாகவே அதிகமாக இருக்கும் நேரமும் உண்டு. அப்போதும் காரணத்தைத் தேடிப் போனால், குழாயின் கடைசி முனை, கழிப்பறை இல்லாத வரிசை, அள்ளப்படாத குப்பை என்றுதான் கிடைக்கிறது. அவற்றைச் சரிசெய்யக் கேட்பதை விட்டுவிட்டு மனிதர்களைச் சுட்டுவது எனக்குப் பெரிய வருத்தம்.

உங்கள் மண்டபத்துக்கே இதில் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைக் காலரா, அம்மை, பிளேக் பயத்தால் நிறுத்தி வைத்த முகாம் அங்கேதான் இருந்தது. அதற்கு முந்திய நூற்றாண்டில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்களில் பலர் காலராவில் வழியிலேயே மடிந்தார்கள். நோயைக் கொண்டுவருகிறவர்கள் என்று பெயர் வாங்கியவர்களும் அவர்களே, அதிகம் செத்தவர்களும் அவர்களே.

சென்னையில் ஒரு நோய் வந்தால் இங்கே வர எவ்வளவு நாளாகும்? (பரமக்குடி)

தூரத்தைப் பார்க்காதீர்கள், போக்குவரத்தைப் பாருங்கள். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து கொரோனா முதலில் பெருகியது கடலூர், விழுப்புரம், அரியலூர் பக்கம். அங்கிருந்து சந்தைக்கு வேலைக்குப் போனவர்கள் அதிகம். சென்னைக்கு ஒட்டிய ஒரு கிராமத்தைவிட, தினம் இரயிலும் பஸ்ஸும் வரும் உங்கள் ஊர்தான் நோய்க்கு அருகில் இருக்கிறது.

அப்பாவுக்குக் காசநோய். பேரப்பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடவா? (சாயல்குடி)

வேண்டாம் தம்பி. சென்னையில் 1950-களின் இறுதியில் நடந்த ஆய்வு இதைத்தான் சோதித்தது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) வைக்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட நோய் அதிகம் வரவில்லை. பரவல் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆகவே செய்ய வேண்டியது பிள்ளைகளை இப்போதே பரிசோதிப்பது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடுப்பு மருந்து இலவசமாகத் தருவார்கள். அப்பா மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. அவர் படுக்கும் அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கடற்காற்று நன்றாக உள்ளே வரட்டும்.