நுகர்வோர் கேள்வி-பதில்: லாஞ்சர் இல்லாமல் கேம் ஓடுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் கேம் பற்றியவை. விடுமுறைக் காலம், வேறென்ன. ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கமிருந்து கேட்டிருப்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐந்தாறு வருடமாக ஆன்லைன் கடையில் கேம் வாங்குகிறேன். எங்கள் ஊரில் நெட் அடிக்கடி போய்விடும். போன வாரம் நெட் இல்லாத ஒரு ராத்திரி விளையாட உட்கார்ந்தால், கடையின் லாஞ்சர் ‘லாகின் செய்’ என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. கேம் என் ஹார்டு டிஸ்கில்தானே இருக்கிறது? காசு கொடுத்து வாங்கியதைத் திறக்க இன்னொரு சாஃப்ட்வேர் எதற்கு? (தேனி மாவட்ட வாசகர்)

பதில்: லாஞ்சர் இரண்டு வேலை பார்க்கிறது. கேமை இறக்கித் தருவது, அப்டேட் கொடுப்பது ஒரு வேலை. தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவரைப் போல ‘இவர் வாங்கினாரா?’ என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்ததும் லாஞ்சரை மூடிவிட்டுப் போகலாம். இரண்டாவதுதான் உங்கள் ராத்திரியைக் கெடுத்தது. ஆனால் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: எல்லா கேமுக்கும் அந்த டிக்கெட் சோதனை கிடையாது. பூட்டு போடுவதா வேண்டாமா என்பதைக் கேம் தயாரித்தவர்தான் முடிவு செய்கிறார். கடை பூட்டைக் கொடுக்கும், மாட்டியே ஆக வேண்டும் என்று சொல்லாது. டி.ஆர்.எம். என்று சொல்வது இந்தப் பூட்டைத்தான்.

உங்களிடம் இருப்பதில் எது பூட்டில்லாதது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். நம்மில் பலர் வாங்குவது ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். லைப்ரரியில் கேம் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து, ‘மேனேஜ்’, அப்புறம் ‘பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ்’ என்று போனால் கேம் இருக்கும் ஃபோல்டர் திறக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டீமை முழுதாக மூடுங்கள். ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போதாது. அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், அங்கே ரைட் கிளிக் செய்து வெளியேற்ற வேண்டும். வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இப்போது ஃபோல்டரில் உள்ள கேமின் இ.எக்ஸ்.இ. ஃபைலை (கேமை ஓடவைக்கும் ஃபைல் அதுதான்) நேரடியாக டபுள் கிளிக் செய்யுங்கள். கேம் திறந்தால் பூட்டு இல்லை. ஸ்டீம் தானாக எழுந்து வந்தாலோ, ‘ஸ்டீம் ஓடவில்லை’ என்று ஒரு பெட்டி வந்தாலோ பூட்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

தி விட்சர் 3, கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் இரண்டும் ஸ்டீமில் வாங்கினாலும் இப்படி ஓடும். ஆனால் விட்சரில் ஒரு சின்ன சிக்கல். பின்னாளில் வந்த அப்டேட்டில் தயாரிப்பாளரே தன் பங்குக்கு ஒரு லாஞ்சரைச் சேர்த்துவிட்டார். அதைத் தாண்ட, உள்ளே ‘பின்’ (bin) ஃபோல்டருக்குப் போய் விட்சரின் அசல் ஃபைலைத் திறக்க வேண்டும். பல கேம்களில் இதே கதைதான்: மேலே தெரியும் ஃபைல் லாஞ்சராக இருக்கும், அசல் கேம் இரண்டு ஃபோல்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கும். பிசி கேமிங் விக்கி என்ற தளத்தில் பெரும்பாலான கேம்களுக்கு, எந்தக் கடையில் வாங்கினால் எந்தப் பூட்டு என்று தனி அட்டவணையே உண்டு. நான் பணம் கட்டுவதற்கு முன் அங்கே எட்டிப் பார்க்காமல் இருப்பதில்லை.

பூட்டில்லாத கேம் என்றால் அந்த ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து வைக்கலாம். வேறு கம்ப்யூட்டரில் போட்டுத் திறக்கும்போது ஏதோ டி.எல்.எல். (கேம் ஓடத் தேவையான துணை ஃபைல்) இல்லை என்று அது புலம்பினால், கேம் ஃபோல்டர்களுக்குப் பக்கத்திலேயே ‘ஸ்டீம்வொர்க்ஸ் ஷேர்டு’ என்று ஒன்று இருக்கும், அதற்குள் விஷுவல் சி, டைரக்ட்எக்ஸ் இன்ஸ்டாலர்கள் கிடக்கும். அதையும் சேர்த்து நகல் எடுங்கள். ஸ்டீமிலேயே உள்ள ‘பேக்கப்’ வசதியை நம்பி இருந்துவிடாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க ஸ்டீம்தான் வேண்டும்.

இழப்பது என்ன? அச்சீவ்மென்ட் பதிவாகாது, விளையாடிய நேரம் கணக்கில் ஏறாது, அப்டேட் வராது. முக்கியமாக, சேவ் ஃபைல் மேகத்தில் (கிளவுட், அதாவது கடையின் சர்வரில்) ஏறாது. சேவ் பெரும்பாலும் ‘டாக்குமென்ட்ஸ்’ அல்லது ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரில் இருக்கும், கேம் ஃபோல்டரில் இருக்காது. அதைத் தனியாக எடுத்து வைக்க மறந்து, அறுபது மணி நேர ஆட்டத்தைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

பூட்டு உள்ள கேமுக்கு ஆஃப்லைன் மோடுதான் வழி. அதற்கு நெட் இருக்கும்போதே தயாராக வேண்டும்: பாஸ்வேர்டை நினைவில் வைக்கச் சொல்லி லாகின் செய்து, அப்டேட் எதுவும் பாக்கியில்லாமல் முடித்து, கேமை ஒரு தடவை திறந்து மூடிவிட்டு, ‘கோ ஆஃப்லைன்’ கொடுங்கள். பாதியில் நிற்கும் அப்டேட் ஒன்று இருந்தாலும் ஆஃப்லைனில் அந்த கேம் திறக்காது.

கேள்வி: ஜி.ஓ.ஜி. என்ற கடையில் வாங்கினால் கேம் நிரந்தரமாக நமக்கே சொந்தம் என்கிறான் நண்பன். நம்பலாமா?

பதில்: நண்பர் சொல்வது முக்கால்வாசி சரி. போலந்தின் சிடி புரோஜெக்ட் நிறுவனம் 2008-ல் பழைய கேம்களை விற்பதற்காகத் தொடங்கிய கடை அது. ‘குட் ஓல்டு கேம்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் பெயர். விட்சரைத் தயாரித்ததும் அதே நிறுவனம்தான். அங்கே டி.ஆர்.எம். வைத்து விற்பதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே கொள்கை. கேலக்ஸி என்று ஒரு லாஞ்சர் உண்டு, ஆனால் அது விருப்பம்தான். உங்கள் அக்கவுண்டில் கேமின் படத்தைத் தொட்டால் ‘ஆஃப்லைன் பேக்கப்’ இன்ஸ்டாலர்களை இறக்கிக்கொள்ளும் பகுதி இருக்கும். பிரவுசரிலேயே இறக்கலாம்.

பெரிய கேம் என்றால் ஒரு செட்டப் ஃபைலும், கூடவே 4 ஜி.பி. வரை அளவுள்ள ‘பின்’ ஃபைல்கள் வரிசையாகவும் வரும். எல்லாமே ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். இருபதில் ஒன்று விட்டுப்போனாலும் இன்ஸ்டால் நடுவில் நிற்கும். இறக்கி முடித்ததும் ஒரு தடவை நெட்டைத் துண்டித்து இன்ஸ்டால் செய்து பாருங்கள். மூன்று வருடம் கழித்து ஒரு ஃபைல் பழுது என்று தெரிந்து என்ன பிரயோஜனம்?

‘சொந்தம்’ என்ற சொல்லில்தான் அந்தக் கால்வாசிக் குறை. சட்டப்படி அங்கேயும் நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம்தான். 2024 செப்டம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது: டிஜிட்டல் பொருளுக்கு ‘வாங்கு’ என்று பட்டன் வைத்தால், கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று. அது அமலுக்கு வருவதற்கு முன்பே ஸ்டீம் பணம் கட்டும் முன் வரும் தன் கார்ட் (cart) பக்கத்தில் ‘இது உரிமம்’ என்று ஒரு வரி சேர்த்தது. உடனே ஜி.ஓ.ஜி. தங்கள் ஆஃப்லைன் இன்ஸ்டாலரை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க முடியாது என்று அறிவித்துக் கிண்டலடித்தது. விளம்பரம்தான், ஆனால் உள்ளே உண்மை உண்டு. ஹார்டு டிஸ்கில் இருக்கும் இன்ஸ்டாலர் கடையைக் கேட்டுக்கொண்டு ஓடுவதில்லை. இறக்கி வைக்காமல் அக்கவுண்டிலேயே விட்டுவைத்தால் மட்டும் எந்தக் கடையும் ஒன்றுதான்.

அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். 2021-ல் ஹிட்மேன் கேம் அங்கே விற்பனைக்கு வந்தது. நெட் இல்லாவிட்டால் பாதி வசதிகள் வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். சில வாரத்தில் கடையே அதை எடுத்துவிட்டது. மல்டிபிளேயர் வேண்டுமென்றால் பல கேமுக்கு கேலக்ஸியும் வேண்டும். அங்கே 30 நாள் ரீஃபண்ட் உண்டு, விளையாடிப் பார்த்திருந்தாலும் கேட்கலாம். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான். ஆனால் ஸ்டீம் 2015 முதல் ரூபாயில் விலை போடுகிறது. டாலரில் கட்டினால் வங்கி எடுக்கும் மாற்றுக் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் விட்டுப்போன விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடுகிறது. அதில் என் ஸ்டீம் கேம்களை ஏற்ற முடியுமா? (பட்டுக்கோட்டை)

பதில்: ஸ்டீம் வழியாக வேண்டாம். 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஸ்டீம் ஆதரவை நிறுத்திவிட்டது. லாஞ்சருக்குள் ஒரு குரோம் பிரவுசரே உட்கார்ந்திருக்கிறது, அது பழைய விண்டோஸைக் கைவிட்டது, லாஞ்சரும் கூடவே போனது. எக்ஸ்.பி.க்கும் விஸ்டாவுக்கும் 2019-லேயே இதே கதி. கொடுமை என்னவென்றால், கேம் எழுதப்பட்டதே விண்டோஸ் 7-க்காக இருக்கும். கேம் தயார், கம்ப்யூட்டர் தயார், நடுவில் இருப்பவர் மட்டும் வரமாட்டார்.

புதிய கம்ப்யூட்டர் உள்ள நண்பர் வீட்டில் உங்கள் அக்கவுண்டைத் திறந்து கேமை இறக்கி, மேலே சொன்ன சோதனையைச் செய்து, பூட்டில்லாததை மட்டும் நகல் எடுத்து வந்து போட்டுப் பாருங்கள். லாக் அவுட் செய்ய மறக்க வேண்டாம். இன்னொன்று: விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதில்லை. அந்தக் கம்ப்யூட்டரை நெட்டில் இணைக்காமல் கேமுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: எபிக் கடையில் இலவசமாக வந்ததாகவே நூறு கேம் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த லாஞ்சர் என் லேப்டாப்பைத் திணறடிக்கிறது.

பதில்: அதே சோதனைதான். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டைத் தொடாதீர்கள், அது லாஞ்சரைத்தான் எழுப்பும். கேம் ஃபோல்டருக்குப் போய் இ.எக்ஸ்.இ. ஃபைலைத் திறங்கள். நிறையவே ஓடும். ஹீரோயிக் என்று இலவச, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று இருக்கிறது, எபிக் லாஞ்சரே இல்லாமல் உங்கள் எபிக் கேம்களை இறக்கித் தரும். லினக்ஸ்காரர்கள் அதில்தான் காலம் தள்ளுகிறார்கள். 2020 மே மாதம் ஜி.டி.ஏ. 5 இலவசமாகக் கிடைத்ததே, அதை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அதற்குத் தயாரிப்பாளரான ராக்ஸ்டாரின் சொந்த லாஞ்சர் வேறு வேண்டும். வீட்டுக்குள் வீடு.

கேள்வி: வாங்கிய கேமுக்கே ‘கிராக்’ (பூட்டை உடைக்கும் ஃபைல்) போட்டுக்கொண்டால் என்ன தப்பு? காசுதான் கொடுத்துவிட்டேனே.

பதில்: இப்படிக் கேட்டு நான்கு கடிதம். உங்கள் நியாயம் புரிகிறது. இந்தியப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 52-வது பிரிவு, முறையாக வாங்கியவர், கேம் தொலைந்துபோகாமல் இருக்க பேக்கப் நகல் எடுத்து வைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு இருக்கிறது: உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்று நீங்கள் வாதாடலாம், ஆனால் கடையின் ஒப்பந்தத்தில் பூட்டை உடைக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் கணக்கு தொடங்கியிருப்பீர்கள்.

சட்டத்தை விடுங்கள். எனக்குப் பெரிய பயம் வேறு. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று முகம் தெரியாத ஒருவர் சொல்லும் ஃபைலை, நீங்கள் நெட் பேங்கிங் பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் ஓட்டுகிறீர்கள். 499 ரூபாய் கேமுக்கு இது தேவையா? அதே கேம் ஜி.ஓ.ஜி.யில் தள்ளுபடிக்கு வரும் வரை காத்திருந்து இரண்டாம் முறை வாங்கிவிடுகிறேன் நான். எரிச்சலாகத்தான் இருக்கும்.

கேள்வி: டிஸ்க் வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லையே, பெட்டியில் கிடைப்பதை வாங்கலாமா?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. போனது இன்று நேற்றல்ல: 2004-ல் வந்த ஹாஃப்-லைஃப் 2 கேமைப் பெட்டியில் வாங்கியவர்களுமே ஸ்டீம் போட்டு நெட்டில் ஆக்டிவேட் செய்தால்தான் விளையாட முடிந்தது. சில வருடத்துக்கு முன் ரிச்சி தெருவில் ஒரு பெட்டி வாங்கினேன். பிரித்தால் டிஸ்க் இல்லை, ஆக்டிவேட் செய்யும் கோடு (code) அச்சடித்த ஒரு சீட்டு மட்டும். அந்த நிறுவனம் பிறகு தன் லாஞ்சரை மாற்றியது, என் கணக்கு மூடிப்போன ஒரு மின்னஞ்சலோடு கட்டப்பட்டிருந்தது. கேம் போனது போனதுதான். பெட்டி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஆகவே, கணக்கில் உள்ள மின்னஞ்சல் முகவரி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

கேள்வி: வாங்கிய பிறகுதான் இன்னொரு நிறுவனத்தின் அக்கவுண்டும் வேண்டும் என்று கேம் கேட்கிறது. முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. ஸ்டீமில் விலைக்குப் பக்கத்தில் வலது ஓரம் பாருங்கள். மூன்றாம் தரப்பு அக்கவுண்ட் தேவை, மூன்றாம் தரப்பு டி.ஆர்.எம். உள்ளது, டெனுவோ (அதுவும் ஒரு வகைப் பூட்டு) என்றெல்லாம் சின்னக் கட்டத்தில் எழுதியிருக்கும். படங்களிலேயே கண் போவதால் யாரும் அதைப் படிப்பதில்லை. ‘எப்போதும் ஆன்லைனில் இருக்க வேண்டும்’ என்றிருந்தால் இன்னும் கவனம். 2014-ல் வெளிவந்த தி க்ரூ என்ற கார் பந்தய கேமின் சர்வரை அதன் நிறுவனமான யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. தனியாக ஓட்டுபவருக்கும் சர்வர் தேவைப்பட்டதால் மொத்த கேமும் அன்றோடு முடிந்தது. லாஞ்சர் இருந்தும் பயனில்லை, இல்லாமலும் பயனில்லை. அந்தக் கோபத்தில்தான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அவர்கள் மனு 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள், 14 நாளும் 2 மணி நேரமும் தாண்டவில்லை என்றால் இப்போதே ரீஃபண்ட் கேளுங்கள். அந்தப் பக்கத்தில் தகவலே இல்லாமல் விற்றிருந்தால் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

கேள்வி: இன்ஸ்டாலர்களைச் சேர்த்து வைக்க பென் டிரைவ் போதுமா?

பதில்: போதாது. 1 டி.பி. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேம் பெயர், இறக்கிய தேதி இரண்டையும் ஃபோல்டர் பெயரிலேயே போடுங்கள். ‘நியூ ஃபோல்டர் 7’ என்று வைத்தால் பிறகு தேடுவது நீங்கள்தான்.