எந்தப் பிளாஸ்மா?

அன்புள்ள ஐயா,

நான் அறிவியல் படித்தவன் அல்ல, கணக்கு எழுதுகிறவன். போன வாரம் வந்த என் சர்க்கரைப் பரிசோதனை அறிக்கையில் 'ஃபாஸ்டிங் பிளாஸ்மா குளுக்கோஸ்' என்று இருந்தது. அன்றைக்கே என் மகள் 'பொருளின் நான்காவது நிலை பிளாஸ்மா, சூரியன் முழுக்க அதுதான்' என்று சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையை எட்டிப் பார்த்துவிட்டு, 'அப்பா, உங்க ரத்தத்துல சூரியன் இருக்கா?' என்று கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டேன். பிறகு தேடிப் பார்த்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம். குவார்க்-குளுவான் பிளாஸ்மா, ஜெர்ம்பிளாசம், பிளாஸ்மா செல், பிளாஸ்மா டிவி என்று போய்க்கொண்டே இருக்கிறது. இதெல்லாம் ஒரே பொருளின் வகைகளா? இல்லையென்றால் எது அசல், எது இரவல்? தமிழில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்துவிட முடியாதா?

க.

அன்புள்ள க.,

முதலில் மகளுக்குப் பதில் சொல்லிவிடுங்கள், பாவம் காத்திருப்பாள். ரத்தத்தில் சூரியன் இல்லை. உங்கள் அறிக்கையில் உள்ள பிளாஸ்மாவுக்கும் சூரியனில் உள்ள பிளாஸ்மாவுக்கும் பொருளளவில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் பெயரளவில் உறவு உண்டு, அது ஒரே ஒரு மனிதர் சொன்ன உவமையால் வந்த உறவு. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 'எது அசல்' கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

சொல் கிரேக்கத்திலிருந்து வருகிறது. பிளாஸ்மா என்றால் வனைந்தது, குயவர் களிமண்ணைப் பிடித்து உருவாக்கியது. பிளாஸ்டிக், பிளாஸ்டர் எல்லாம் அதே வேரில் முளைத்தவை. பழைய கிரேக்கத்தில் கட்டுக்கதைக்கும் பிளாஸ்மா என்றுதான் பெயர். தமிழ்க் காதுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது, வனைதலும் புனைதலும் நமக்கும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். 1839-இல் யான் புர்கின்யே என்ற செக் உடலியலாளர் உயிரணுவுக்குள் இருக்கும் கூழுக்குப் புரோட்டோபிளாசம் என்று பெயர் வைத்தார். தேவாலய மொழியில் புரோட்டோபிளாஸ்ட் என்றால் முதலில் வனையப்பட்டவன், அதாவது ஆதாம். அதே 19-ஆம் நூற்றாண்டில் ரத்தத்தின் திரவப் பகுதிக்கும் பிளாஸ்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆக, அசல் என்று பார்த்தால் பானைதான் அசல். ரத்தமே இரவல் வாங்கியதுதான்.

ரத்தப் பிளாஸ்மாவைக் கண்ணால் பார்ப்பது சுலபம். உறையாமல் இருக்க மருந்து சேர்த்த குழாயில் ரத்தத்தை எடுத்து, சுழற்சி இயந்திரத்தில் சில நிமிடம் சுற்ற விட்டால் மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்கும். அடியில் அடர்சிவப்பாகச் சிவப்பணுக்கள், அதற்கு மேலே நூல் கனத்தில் வெளிறிய ஒரு பட்டை (வெள்ளையணுக்களும் தட்டணுக்களும்), மேலே பாதிக்குச் சற்று அதிகமாக வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். இந்த நீர்தான் பிளாஸ்மா. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சத்தில் பெரும்பங்கு புரதம். கொழுப்பாகச் சாப்பிட்டுவிட்டு நேரே போய் ரத்தம் கொடுத்தால் அந்தத் தெளிவு போய்ப் பால் கலந்த மாதிரி கலங்கி நிற்கும். சீரம் என்பது இதுவே அல்ல. ரத்தத்தை உறைய விட்டு, உறைந்த கட்டியை ஒதுக்கியபின் மிஞ்சுவது சீரம், அதில் ஃபைப்ரினோஜன் என்கிற, ரத்தம் உறைய உதவும் புரதம் இருக்காது. இந்த வித்தியாசத்தைப் படித்தவர்களே கோட்டை விடுவார்கள்.

உங்கள் அறிக்கையில் அந்தச் சொல் சும்மா அலங்காரத்துக்கு இல்லை. குழாயில் எடுத்தபிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கும், சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், அப்படியே வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் சோடியம் ஃப்ளூரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய். அப்புறம், ஒரே ஆளின் ஒரே ரத்தத்தில் முழு ரத்தமாக அளந்தால் ஓர் எண் வரும், பிளாஸ்மாவாகப் பிரித்து அளந்தால் சுமார் 11 சதவீதம் கூடுதலாக வரும், காரணம் சிவப்பணுவுக்குள் தண்ணீர் குறைவு. எதில் அளந்தது என்று எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இனி உவமைக்கு வருகிறேன். இர்விங் லாங்மூர் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியலாளர், பின்னாளில், 1932-இல், நோபல் வாங்கியவர். வாயு அடைத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்ச் சுவரையும் மின்முனையையும் ஒட்டிய மெல்லிய பகுதிக்கு 'உறை' என்று ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது. நடுவே, நேர்மின் அயனிகளும் (எலெக்ட்ரானை இழந்த அணுக்கள்) எலெக்ட்ரான்களும் ஏறக்குறைய சமமாக நிறைந்து ஒளிர்கிற பெரும்பகுதிக்குத்தான் பெயர் இல்லை. 1928-இல் வெளியான கட்டுரையில் அதைப் பிளாஸ்மா என்று அழைத்தார். ஏன் அந்தச் சொல் என்று அவர் அங்கே விளக்கவில்லை. கூட வேலை பார்த்த மாட்-ஸ்மித் பல வருடம் கழித்து, 1971-இல், நினைவுகூர்ந்து எழுதினார்: ரத்தப் பிளாஸ்மா சிவப்பணுக்களையும் வெள்ளையணுக்களையும் கிருமிகளையும் சுமந்து செல்வது போல, இந்த மின்னேறிய வாயுவும் வேகமான எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் மாசுகளையும் சுமந்து செல்கிறது என்று லாங்மூருக்குத் தோன்றியதாம். பெயர் வைத்தபின் பல வருடம் மருத்துவ இதழ்களிலிருந்து கட்டுரைப் பிரதி கேட்டுக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன என்பதையும் அவரேதான் எழுதியிருக்கிறார். உங்கள் மகளின் குழப்பத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது, அவளைக் குறை சொல்லாதீர்கள்.

எனக்கு இந்த உவமையின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. ரத்தத்தில், சுமக்கப்படுகிற அணுக்களை எல்லாம் எடுத்தபிறகு மிஞ்சுவது பிளாஸ்மா. வாயுவிலோ எலெக்ட்ரான்களையும் அயனிகளையும் எடுத்துவிட்டால் பிளாஸ்மா என்று சொல்ல அங்கே ஒன்றுமே மிஞ்சாது. அவைதான் பிளாஸ்மா. உவமை கிட்டத்தட்டத் தலைகீழாக நிற்கிறது. ஆனாலும் சொல் நிலைத்துவிட்டது, சொல்லுக்கு நியாயம் கேட்டு வழக்கா போட முடியும்?

சரி, இயற்பியலுக்குள்ளாவது ஒரே அர்த்தமா என்றால், வரையறை ஒன்றுதான், கைக்கு வரும் பொருள்தான் ஆளுக்கு ஆள் வேறு. குழல்விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள், எரிகிற குழலுக்குள் இருப்பது பாதரச ஆவியும் ஆர்கானும் கலந்த பிளாஸ்மா. அதில் ஓடும் எலெக்ட்ரான்களின் வெப்பநிலை 10,000 டிகிரியைத் தாண்டும். ஆனால் விளக்கைத் தொட்டால் கை கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான். எலெக்ட்ரான்கள் எடையே இல்லாத மாதிரி லேசானவை, எண்ணிக்கையிலும் குறைவு, வாயு அணுக்களில் மோதினால் தங்கள் சூட்டை அவற்றுக்குக் கொடுக்கத் தெரியாதவை. ஆக ஒரே குழாய்க்குள் இரண்டு வெப்பநிலை. சிப் செதுக்குகிற தொழிற்சாலையில் பிளாஸ்மா என்றால் இந்த ரகம்தான். அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்காரரிடம் போனால் அவர் 15 கோடி டிகிரியைப் பற்றிப் பேசுவார். அது சூரியனின் மையத்தைப் போலப் பத்து மடங்கு சூடு, ஆனால் அடர்த்தியில் நாம் மூச்சு விடும் காற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு மெலிசு. விண்வெளிக்காரருக்குப் பிளாஸ்மா என்றால் சூரியக் காற்று, பூமிக்குப் பக்கத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில துகள்கள் இருந்தாலே அவருக்குப் போதும். மூன்று பேரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் ஒருவர் சொல்லும் 'சூடு' இன்னொருவருக்குக் குளிராக இருக்கும்.

குவார்க்-குளுவான் பிளாஸ்மா இதற்கும் மேலே கட்டிய மாடி, உவமையின் மேல் உவமை. அங்கே மின்னூட்டம் கிடையாது என்பதில்லை, ஆனால் ஆட்டத்தை நடத்துவது 'நிற' ஊட்டம் என்று அவர்கள் சொல்லும் வேறொன்று (நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, இன்னொரு இரவல் சொல்). வாயுவில் எலெக்ட்ரான் அணுவிலிருந்து விடுபடுவது போல, இங்கே புரோட்டானுக்குள் அடைந்து கிடக்கும் குவார்க் என்ற நுண்துகள்கள் அதிலிருந்து விடுபடுகின்றன, அதனால் அந்தப் பெயர். வேடிக்கை என்னவென்றால், ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் தங்க அணுக்கருக்களை மோதவிட்டு 2005-இல் முடிவு சொன்னபோது, அது வாயு மாதிரி இல்லை, உராய்வு கிட்டத்தட்ட இல்லாத திரவம் மாதிரி நடந்துகொள்கிறது என்றார்கள். சுற்றிச் சுற்றி மறுபடி திரவத்துக்கே வந்தாயிற்று.

உயிரியல் பக்கம் இருக்கும் மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மா செல் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் இருக்கும், அது சுரக்கும் எதிர்ப்பொருள்தான் ரத்தப் பிளாஸ்மாவில் மிதக்கும். பிளாஸ்மா சவ்வு என்பது உயிரணுவின் வெளித்தோல், புர்கின்யேயின் கூழ் வழி வந்த பெயர். ஜெர்ம்பிளாசம் என்பதை ஆகுஸ்ட் வைஸ்மன் 1892-இல் மரபைக் கடத்தும் பொருள் என்ற அர்த்தத்தில் எழுதினார். இன்று வேளாண் ஆய்வாளர் அந்தச் சொல்லைச் சொன்னால் விதை, கிழங்கு, ஒட்டுக்குச்சி என்று பயிரின் மரபு வளம் முழுவதையும் சொல்கிறார். அவர் 'பிளாசம்' என்று சேமிப்பது, வேறெதுவும் இல்லை, குளிர் அறையில் வைத்த விதைதான். பிளாஸ்மா டிவி லாங்மூர் குடும்பம், சின்னச் சின்ன அறைகளில் அடைத்த நியானும் செனானும். பச்சை நிறக் கல் ஒன்றுக்குக்கூட இந்தப் பெயர் உண்டு, அதை நகைக் கல் பார்ப்பவர்களிடம் விட்டுவிடுவோம்.

ஒரே சொல் வைக்கலாமா என்றீர்களே, அதற்கு என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் இதழுக்காக, ரத்தத்தில் செலினியம் போன்ற நுண்தனிமங்களை எப்படி அளக்கிறார்கள் என்று ஒரு கட்டுரை எழுதினேன். அதற்கு ஒரு கருவி இருக்கிறது. குவார்ட்ஸ் குழாயைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், உள்ளே ஆர்கான், சுருளில் ரேடியோ அலை. ஆர்கான் பற்றிக்கொண்டு கண்ணைக் கூசும் வெள்ளைத் தீநாக்காக நிற்கும், 6000 முதல் 10,000 கெல்வின் வரை சூடு. நீர்க்கச் செய்த ரத்தப் பிளாஸ்மாவைப் பனி மாதிரித் துளியாக்கி அந்த ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் ஊதுவார்கள். துளி காய்ந்து, சிதைந்து, அணு அணுவாகி, அயனியாகி வெளியே வரும், அதை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். அதாவது பிளாஸ்மாவைப் பிளாஸ்மாவில் எரிக்கிறார்கள். நான் இரண்டு இடத்திலும் பிளாஸ்மா என்றே எழுதியிருந்தேன். திருத்தம் பார்த்தவர் தமிழார்வத்தில் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் 'குருதிநீர்' என்று மாற்றிவிட்டார். அச்சில் வந்தபோது ஆர்கான் குருதிநீர் 8000 டிகிரியில் கொதித்துக்கொண்டிருந்தது. அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, தெளிவாக எழுதாத என் மேலும் தப்பு இருக்கிறது.

அன்றிலிருந்து ரத்தத்துக்குக் குருதிநீர் என்றும், லாங்மூருடையதற்கு அயனிமம் என்றும், விதைக்காரர்களுடையதற்கு மரபு வளம் என்றும் எழுதுகிறேன், முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பிளாஸ்மா என்பதையும் பக்கத்தில் சேர்த்துவிடுவேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது, அவர் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முன்னால் ஓர் அடைமொழியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லாதபோது வலியப் போய் ஒரே சொல்லுக்குள் ஏன் அடைக்க வேண்டும்? பேச்சில் பிளாஸ்மா என்றே சொல்லுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளுக்குப் பிடிக்கும். குடலில் ரத்தம் கசிந்தால் உள்நோக்கிக் குழாயை விட்டு, அதன் நுனியிலிருந்து ஆர்கானைப் பீய்ச்சி மின்சாரத்தால் பற்றவைத்து, அந்த நீலச் சுடரால் கசிவைச் சுட்டு அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. ரத்தம் உறைவதில் கோளாறு உள்ள நோயாளி என்றால், உறைய வைத்துச் சேமித்த பிளாஸ்மாப் பையையும் தொங்கவிடுவார்கள். கையில் ஊசி வழியாக ஒரு பிளாஸ்மா இறங்கிக்கொண்டிருக்கும், வயிற்றுக்குள் இன்னொரு பிளாஸ்மா எரிந்துகொண்டிருக்கும். இரண்டையும் ஒரே சிகிச்சைக் குறிப்பில் எழுதுகிற மருத்துவருக்கு ஒரு குழப்பமும் வராது.