க்யூ4 முடியட்டும், லவ் பண்ணலாம்

கேள்வி: ஐ.டி.ல டீம் லீடா இருக்கேன். டேட்டிங் ஆப்ல பழக்கமான ஒரு பொண்ணோட எட்டு மாசமா நல்லா போயிட்டு இருந்துச்சு. பைப்லைன்ல இன்னும் ரெண்டு ப்ராஸ்பெக்ட், அதாவது பேசிட்டு இருக்கற வேற ரெண்டு பேர், இருக்கு, வீட்லயும் ஜாதகத்தை வெளிய எடுத்துட்டாங்க. போன வாரம் அந்தப் பொண்ணு 'நமக்குள்ள என்னதான் இது, கல்யாணம் பண்ணிக்கலாமா'ன்னு நேரா கேட்டாங்க. 'க்யூ4 (ஆபீஸ் வருஷத்தோட கடைசி மூணு மாசம்) முடியட்டும், ரிவ்யூ பண்ணிட்டு சொல்றேன்'னு சொன்னேன். அதுக்கப்புறம் ரிப்ளையே இல்ல. எப்படி ஃபாலோ அப் பண்றது?
– பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்

பதில்: தம்பி, எட்டு மாசப் பழக்கம்னு சொல்றீங்க, ஆனா அந்தப் பொண்ணு எப்படிப் பேசுவாங்க, எதுக்குச் சிரிப்பாங்கன்னு ஒரு வரி கூட உங்க லெட்டர்ல இல்ல. பைப்லைன் மட்டும் தெளிவா இருக்கு.

காதல்ல கணக்கே கூடாதுன்னு நான் சாமியார் மாதிரி பேச மாட்டேன். தொல்காப்பியத்துலயே தலைவனுக்கும் தலைவிக்கும் பிறப்பு, குடிமை, வயசு, உருவம்னு ஆரம்பிச்சு பத்து ஒப்புமை சொல்லியிருக்கு, வேலைக்கு ஆள் எடுக்க ஹெச்.ஆர். எழுதற தகுதி லிஸ்ட்டே (ஜேடி) தோத்துடும். என்ன, அந்தப் பத்துல அருள், உணர்வுன்னு ரெண்டு வருது, உங்க எக்ஸெல்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கான்னு பாத்துக்கங்க.

உங்களுக்கு கணக்குலதான் சொல்லணும்னா கணக்குலயே சொல்றேன். 1962ல கேல், ஷேப்லின்னு ரெண்டு கணித நிபுணர்கள் கல்யாணத்துக்கே ஒரு வழிமுறை போட்டுக் காட்டினாங்க, 2012ல ஷேப்லிக்கு பொருளாதார நோபலும் வந்துச்சு. விஷயம் ரொம்ப சிம்பிள்: ஒரு பக்கத்து ஆளுங்க தனக்கு ரொம்பப் பிடிச்சவங்ககிட்ட போய் கேட்கணும், எதிர்ப்பக்கம் வந்ததுல நல்ல ஒருத்தரை மட்டும் கையில வச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு அப்பவே 'இல்ல'ன்னு சொல்லிடணும், 'இல்ல' வாங்கினவங்க அடுத்த ஆள்கிட்ட போவாங்க, இப்படியே போனா கடைசில ஜோடியை விட்டுட்டு வேற ஒருத்தரோட ஓடிப்போக யாருக்கும் காரணம் இருக்காது. இதுல கவனிங்க, மூணு பேரை ஒரே நேரத்துல கையில வச்சிருக்க யாருக்கும் பர்மிஷன் கிடையாது. இன்னொண்ணு, இந்த முறையில எப்பவும் கேட்கிற பக்கத்துக்குத்தான் லாபம். வாயைத் திறந்து கேட்டது யாரு? அவங்க. நீங்க ரிவ்யூ பண்ணிட்டு இருக்கீங்க.

பைப்லைனை நிரப்பி வச்சா ஆப்காரனுக்குத்தான் கொண்டாட்டம், நீங்க இழுத்தடிக்கிற வரைக்கும் சந்தா வந்துட்டே இருக்கும். ஹிஞ்ச்னு ஒரு ஆப், 'டிலீட் பண்றதுக்காகவே செஞ்ச ஆப்'னு விளம்பரம் பண்ணுது. அதோட ஓனர் மேட்ச் குரூப், டிண்டர்ங்கற இன்னொரு டேட்டிங் ஆப்புக்கும் அவங்கதான் ஓனர்.

சரி, கார்ப்பரேட் பாஷை பேசறீங்களே, கார்ப்பரேட் ஒழுக்கமாவது இருக்கா? ஒரு சுமாரான கம்பெனி கூட ஆஃபர் லெட்டர்ல ஜாயினிங் தேதி போட்டுக் குடுக்குது. ப்ராஜெக்ட் இல்லாம பெஞ்ச்ல உட்கார வச்சாலும் மாசம் பொறந்தா சம்பளம் போடுது. நீங்க அந்தப் பொண்ணை எட்டு மாசம் பெஞ்ச்ல உட்கார வச்சிருக்கீங்க, ப்ராஜெக்ட்டும் இல்ல, சம்பளமும் இல்ல, இதுல அவங்க ரிப்ளை பண்ணலைன்னு எனக்கு எஸ்கலேஷன் வேற! உங்க பயம் எனக்குப் புரியுது, வீட்ல எப்படி சொல்றது, இதைவிட நல்லது வந்துட்டா என்ன பண்றதுன்னு. அந்தப் பயத்தை பயம்னே அவங்ககிட்ட சொல்லியிருந்தா உட்கார்ந்து பேசியிருப்பாங்க. க்யூ4ன்னு சொன்னா யார்தான் பேசுவாங்க.

ஃபாலோ அப் மெசேஜ் எல்லாம் வேணாம், 'ஜஸ்ட் செக்கிங்'னு ஒண்ணு போட்டீங்கன்னா பிளாக்தான். மொதல்ல அந்த ரெண்டு ப்ராஸ்பெக்ட்டுக்கும், அவங்களும் மனுஷங்கதான், இன்னிக்கே விஷயத்தைச் சொல்லிடுங்க. வீட்ல ஜாதகக் கட்டை உள்ள வைக்கச் சொல்லுங்க. அப்புறம் போன் பண்ணுங்க, எடுக்கலைன்னா நேர்ல பாக்கலாமான்னு ஒரே ஒரு தடவை கேளுங்க, பாத்தா 'பிடிச்சிருக்கு, கல்யாணம் பண்ணிக்கலாம்'னு முழு வாக்கியமா சொல்லுங்க. அதுக்குள்ள அவங்க வேற முடிவு எடுத்திருந்தா கவுண்டர் ஆஃபரோட போய் நிக்காதீங்க. உங்ககிட்ட நோட்டீஸ் பீரியட் சர்வ் பண்ற மாதிரி அவங்க எந்தக் காகிதத்துலயும் கையெழுத்து போடல.