உருவம் ஏன் கட்டையாக நிற்கிறது? ஓவிய ஆசிரியரின் பதில்கள்

பினாங்கில் மனித உருவம் வரையப் பழகும் மாணவர்களும் ஒரு தாயாரும் கேட்டவை; ஓவிய ஆசிரியர் சொன்னவை.

படிவம் நான்கு மாணவன், பட்டர்வொர்த்: ஒரு வருடமாக வரைகிறேன், ஐயா. முகம் நன்றாக வருகிறது. முழு உருவம் மட்டும் மரக்கட்டை மாதிரி நிற்கிறது. நான் முன்னேறவே இல்லையா?

முன்னேறியிருக்கிறாய், தம்பி. கட்டையாக நிற்கிறது என்று உன் கண்ணுக்கே தெரிகிறதே! கைக்கு முன்னால் கண் தேறிவிடும். அந்த நேரத்தில்தான் பலர் மனம் நொந்து பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நீ வைத்துவிடாதே.

தலையை முழுதாக முடித்துவிட்டு, கழுத்து, தோள் என்று கீழே இறங்குகிறாய் என்று நினைக்கிறேன். பாதம் வரும்போது தாளில் இடமும் இருக்காது, உடலின் எடையைத் தாங்குவது எந்தக் கால் என்ற முடிவும் இருக்காது. முதலில் எடையைப் பார். ஒற்றைக் காலில் ஊன்றி இளைப்பாற நிற்பவருக்கு ஊன்றிய பக்கத்து இடுப்பு உயரும். அதே பக்கத்துத் தோள் இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து தூக்குக் குண்டு விட்டால் ஊன்றிய காலின் கணுக்கால் அருகே விழும். திரிபங்கமாக, அதாவது உடல் மூன்று இடங்களில் வளைந்து, நிற்கும் சிலைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். ஜார்ஜ்டவுன் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனால் கோபுரத்தை அண்ணாந்து பார்; இடை ஒசிந்து நிற்கும் உருவங்களைத் தேடு.

தினமும் 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம் என்று நேரம் வைத்து வரை. தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு, ஊன்றிய காலுக்கு ஒரு கோடு. கண், மூக்கு வேண்டாம். மாதக் கடைசியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து இரண்டிலும் முகத்தை மறைத்துப் பார். அவர் களைத்திருக்கிறாரா, காத்திருக்கிறாரா என்பதை உடல் மட்டுமே சொல்கிறதா? முன்னேற்றத்தை நான் அதை வைத்துத்தான் அளப்பேன்.

மாணவி, ஆயர் ஈத்தாம்: உடல் எட்டுத் தலை உயரம் என்று படித்தேன். அப்பாவை அளந்தால் ஏழரைகூட வரவில்லையே?

அப்பா சரியாகத்தான் இருக்கிறார். எட்டு என்பது லட்சிய உருவத்தின் கணக்கு. வளர்ந்தவர் பெரும்பாலும் ஏழு, ஏழரை. ஒரு வயதுக் குழந்தை நான்கு. நம் சிற்பிகளின் நவதாலக் கணக்கில் உருவம் ஒன்பது தாலம்; தாலம் என்பது முக நீளத்தை ஒட்டிய அளவு. தாலத்துக்கு 12 அங்குலம், மொத்தம் 108. அது அடிக்கோலின் அங்குலம் அன்று. சிலை பெரிதானால் அதுவும் பெரிதாகும். உனக்கு அன்றாடம் உதவும் அளவு வேறு: நிற்பவரின் உயரத்தில் சரிபாதி இடுப்பில் இல்லை, கால்கள் பிரியும் இடத்தில் இருக்கிறது. கால்கள் குட்டையாகிப்போகும் படங்களில் பெரும்பாலும் இதுதான் தவறியிருக்கும்.

தாயார், பிறை: மகன் ஆடையில்லாத உடற்படங்களைப் பார்த்து வரைகிறான். கண்டிக்க வேண்டுமா?

கண்டிக்க வேண்டாம், அம்மா. எலும்பும் தசையும் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் சட்டையின் மடிப்பைக்கூடச் சரியாக வரைய முடியாது. உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் எலும்புக்கூட்டுப் படம், நீச்சல் வீரர்களின் படம் ஆகியவற்றை முதலில் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவன் வரைவதைப் பாருங்கள். மறைத்து வரையும் நிலைக்கு மட்டும் அவனைத் தள்ளிவிடாதீர்கள்.

கல்லூரி மாணவன், ஜெலுத்தோங்: மாதிரிக்கு ஆள் இல்லை. புகைப்படம் போதுமா?

போதாது. புகைப்படத்தில் எடை தட்டையாகிவிடும். பெர்ரித் துறையில் காத்திருப்பவர்களைப் பாருங்கள்; நெடுநேரம் நிற்பவர் காலை மாற்றி மாற்றி ஊன்றுவார். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிகளின் ஓரம் நில்லுங்கள். பால்குடம் சுமப்பவரின் தலையும் கழுத்தும் அசையாது. ஆட்டம் முழுவதையும் இடுப்பு வாங்கிக்கொள்ளும். வெறுங்கையோடு ஏறுபவர் முன்னே சாய்ந்து முழங்காலில் கையை ஊன்றுவார். யாரையும் மறிக்காமல், முகம் அடையாளம் தெரியாமல் வரையுங்கள்.

மாணவி, பாயான் பாரு: அழிப்பான் வைத்துக்கொள்ளலாமா?

விரைவுக் கோடுகளுக்கு வேண்டாம். தவறிய கோட்டை விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். 2பி பென்சிலும் மலிவான தாளும் போதும்.