கால் நீட்டும் சத்திரசிகிச்சை: பெற்றோர் கேட்டவை

மகனுக்கு 9 வயது. இடது கால் ஒன்றரை செ.மீ. குட்டை. நீட்டலாமா? (வெள்ளவத்தை)

வேண்டாம். 2 செ.மீ. வரை உடம்பே சமாளிக்கும். நொண்டுவது தெரிந்தால் சப்பாத்தின் அடியை உயர்த்துங்கள். வித்தியாசம் கூடுகிறதா என்று வருடம் ஒருமுறை எக்ஸ்ரேயில் பாருங்கள்.

13 வயது மகன் வகுப்பிலேயே குள்ளம். இரண்டு கால்களையும் நீட்டினால்? (மட்டக்குளி)

சுகமான கால்களை வெட்டுவதைப் பற்றிக் கேட்குமுன் சிறுபிள்ளை வைத்தியரிடம் காட்டினீர்களா? கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. முதலில் கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயதைப் பார்க்கட்டும். பருவம் பிந்தும் பையன்கள் பிறகு தாங்களாகவே உயர்வார்கள்.

மகளுக்கு 11 வயது. வளர்ந்து முடிய 4 செ.மீ. வித்தியாசம் வருமாம். நல்ல காலின் வளர்ச்சியை நிறுத்தச் சொல்கிறார்கள். ஏன் நல்ல காலைத் தொடவேண்டும்? (கொட்டாஞ்சேனை)

நல்ல கால் நின்றால் குட்டைக் கால் வளர்ந்து எட்டிப்பிடிக்கும். சின்னக் காயம், சில நாளில் நடை. எலும்பு நீள்வது நுனிக்கருகே உள்ள வளர்ச்சித் தட்டில்: தொடையெலும்பின் கீழ்த்தட்டு வருடத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும், கணுக்காலுக்குப் போகும் பெரிய எலும்பின் மேல்தட்டு 6 மி.மீ. பெண்பிள்ளைகளுக்கு 14 வயதளவில் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே இப்போதே, இரண்டு தட்டிலும். பிந்தினால் இந்த வழி மூடிவிடும்.

மகனின் தொடையெலும்பை வெட்டி, கம்பி நுழைத்து வெளியே சட்டம் பூட்டியாயிற்று, திருகைத் திருப்பித் திருப்பி 5 செ.மீ. நீட்டவேண்டும். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறது. நாளைக்கு 2 மி.மீ. திருப்பினால் 25 நாளில் முடியுமல்லவா? ரியூசனுக்காகப் பிசியோதெரபியை நிறுத்தியிருக்கிறோம். (பொரளை)

இரண்டுமே ஆபத்து. நாளைக்கு 1 மி.மீ., அதுவும் கால் கால் மி.மீ. ஆக நாலு தடவை என்பது வைத்தியரின் மனம்போன கணக்கல்ல. சைபீரியாவின் குர்கானில் இந்த முறையை உருவாக்கிய வைத்தியர் இலிசாரோவ் நாய்களில் சோதித்துக் கண்டது: அரை மி.மீ. என்றால் எலும்பு முந்தி ஒட்டிக்கொள்ளும், 2 மி.மீ. என்றால் புது எலும்பு ஊறாது, தசையும் நரம்பும் கெடும்.

50 நாளோடு முடிவதுமில்லை. நீண்ட இடம் இறுக அதைப்போல இரண்டு மடங்கு காலம் வேண்டும். மொத்தம் ஐந்தாறு மாதம். முந்திக் கழற்றினால் எலும்பு வளையும், முறியும்.

எலும்பு ஊறும், தசை அந்த வேகத்தில் நீளாது. இழுபடும் தசை முழங்காலை இறுக்கும், மூட்டைப் பின்னுக்கு விலக்கும். 5 செ.மீ. கிடைத்தும் மடங்காத முழங்கால் என்றால் பிள்ளைக்கு நட்டம்தான். முழங்காலைப் பாருங்கள், ஒவ்வொரு நாளும். மடிப்பு 45 பாகைக்குக் குறைந்தால் அன்றே வைத்தியருக்குச் சொல்லுங்கள். திருப்புவதை நிறுத்தவும் நேரலாம். நாளைக்கே பிசியோதெரபிக்குக் கூட்டிப்போங்கள். சட்டத்தோடு பரீட்சை எழுதலாம்.

கம்பி நுழையும் இடத்தில் சிவப்பும் கசிவும். சட்டத்தைக் கழற்றவேண்டுமா? (தெஹிவளை)

பெரும்பாலும் இல்லை. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைக்கும் ஒருதடவையாவது வரும்; கிளினிக்கில் காட்டினால் குடிக்கும் அன்டிபயோட்டிக்கில் அடங்கிவிடும். எண்ணெய், பற்று எதுவும் பூசவேண்டாம். காய்ச்சலோ கம்பி ஆட்டமோ இருந்தால் அன்றே வைத்தியசாலைக்கு. நோவுக்குப் பரசிட்டமோல் கொடுக்கலாம்; இபுபுரூபனை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், எலும்பு ஊறுவதைத் தாமதப்படுத்தலாம். கம்பி நோகிறது என்று பிள்ளை முழங்காலை மடக்காமல் வைத்திருக்கிறதா, அதையும் பாருங்கள்.